கொசுறு யார் வீட்டுக் காசு?

(உலக நுகர்வோர் உரிமை நாளுக்கு முந்தைய மாலை, கள்ளக்குறிச்சியில் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாளை மார்ச் 15. 1962-இல் இதே தேதியில்தான் கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நுகர்வோர் உரிமை பற்றி ஒரு செய்தி அனுப்பினார். அதைச் சொல்லி ஆரம்பித்து, கலப்படம், எடைக் குறைவு, காலாவதி மருந்து என்று வழக்கமான பாதையில் போய் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து பேச்சை மாற்றிவிட்டது. நான் ஐந்து வருஷமாக வைத்திருந்த கேஷ்பேக் கிரெடிட் கார்டு திட்டத்தை வங்கி நிறுத்துகிறதாம். அதற்குப் பதிலாக வேறொரு கார்டு தருவார்களாம். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, கேஷ்பேக் கிடையாது, புள்ளிகள் உண்டு. எந்த வங்கி என்று கேட்காதீர்கள். சொன்னால் இது சொற்பொழிவாக இருக்காது, புகார் மனுவாகிவிடும்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன்தான் அந்தக் கார்டை எனக்கு வாங்கிக் கொடுத்தவன். செய்தியைச் சொன்னதும் அன்றைக்கே நாலு கார்டின் படத்தை அனுப்பினான். "அப்பா, இதுல முதல்ல இருக்கறத எடுத்துக்கங்க. ஆன்லைன்ல அஞ்சு பர்சென்ட் தர்றான்." என் மனைவி பக்கத்தில் இருந்தாள். "யார் தர்றாங்களாம்?" என்று கேட்டாள். முப்பது வருஷம் வணிகவியல் நடத்தினவன் நான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டாள்.

யார் தருகிறார்கள்?

உழவர் சந்தையில் காய் வாங்கினால் அந்த அம்மா ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பைக்குள் போடுகிறார். அதற்குக் கொசுறு என்று பெயர். அது அவர் கைக்காசு. விலையில் கொஞ்சம் வைத்திருப்பார், அல்லது நாளைக்கும் நாம் வர வேண்டுமென்று விட்டுக்கொடுப்பார். எப்படியானாலும் கொடுக்கிறவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கேஷ்பேக்கும் கொசுறுதான். ஆனால் அந்தக் கறிவேப்பிலை யார் கூடையிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிவதில்லை.

நம் ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒருவர் அந்தத் தொழிலில் இருக்கிறார். வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து பிள்ளையார் ஒன்றை எடுத்தார்கள். விலை பத்தாயிரம். கிரெடிட் கார்டைத் தேய்த்தார்கள். அவர் கணக்கில் பத்தாயிரம் ஏறவில்லை. ஏறக்குறைய இருநூறு ரூபாய் பிடித்தம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்தப் பிடித்தத்துக்கு வணிகர் கழிவுக் கட்டணம் என்று பெயர். தேய்க்கும் இயந்திரம் கொடுத்த வங்கிக்குக் கொஞ்சம், விசாவோ மாஸ்டர்கார்டோ அந்த வலையமைப்புக்குக் கொஞ்சம், பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்தப் பெரும் பங்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பிள்ளையாரை வாங்கியவருக்கு "உங்களுக்கு 100 ரூபாய் கேஷ்பேக்" என்று செய்தி அனுப்புகிறார்கள். வாங்கினவர் மகிழ்ந்து போகிறார். அந்த நூறு ரூபாய் உளி பிடித்தவரின் கூலியிலிருந்து வந்தது. அவர் அடுத்த பிள்ளையாருக்கு விலையை இருநூறு ஏற்றி வைப்பார். அப்போது அதைத் தருவது, ரொக்கம் கொடுத்து வாங்குகிற நீங்களும் நானும்.

டெபிட் கார்டுக்கு இந்தப் பிடித்தம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று 2018 முதல் ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90. ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் பிடித்தமே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு வைக்கவில்லை. கணக்கிலிருந்து நேராகப் போகும் யூபிஐ பணத்துக்கு ஏன் நிரந்தரமாக ஒரு கேஷ்பேக் வருவதில்லை, கிரெடிட் கார்டுக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு விடை இதுதான். ஒரு பக்கம் கூடை காலி. இன்னொரு பக்கம் கூடையில் கறிவேப்பிலை இருக்கிறது.

வெறும் சந்தோஷத்துக்காக யாரும் இதைக் கொடுப்பதில்லை என்று புரிந்துவிட்டால், ஏன் நிறுத்துகிறார்கள் என்பதும் புரியும். கூட்டம் சேர்க்க ஐந்து தருவார்கள். கூட்டம் சேர்ந்ததும் குறைப்பார்கள். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் 1986-இல் டிஸ்கவர் என்ற கார்டைக் கொண்டுவந்து, வாங்கினதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதிலிருந்து இந்த வித்தை நடக்கிறது. நம் நாட்டில் முதல் கிரெடிட் கார்டை 1980-இல் விட்டது சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா. ஒரு அரசு வங்கி!

கார்டு நின்றுபோவது எனக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை. சிட்டிபேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் கல்கத்தாவில் கடை திறந்த வங்கி. 1985-இலிருந்து சாதாரண வாடிக்கையாளர் வியாபாரம். ஒரு காலத்தில் சென்னையில் நல்ல சம்பளக்காரர் என்பதற்கு அடையாளமே பர்ஸில் இருக்கும் அந்தக் கார்டுதான். நம் ஊரில் அதற்குக் கிளை கிடையாது. ஆனால் இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அது இங்கே பஸ் இறங்கும். கேஷ்பேக் என்ற பெயரிலேயே ஒரு கார்டு வைத்திருந்தார்கள். போன் பில், மின்கட்டணம் மாதிரி பில்கள், சினிமா டிக்கெட், இவற்றுக்கு 5 சதவீதம். மற்றதற்கு அரை சதவீதம்.

2021 ஏப்ரல் 15 அன்று அந்த நிறுவனம், இந்தியா உட்பட 13 நாடுகளில் சாதாரண வாடிக்கையாளர் வியாபாரத்தை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தது. 2022 மார்ச் 30-இல் ஆக்ஸிஸ் வங்கி வாங்குவதாக ஒப்பந்தம். 2023 மார்ச் 1-இல் கைமாறியது. அதற்குப் பிறகும் பழைய கார்டு பழைய பெயரோடு கடைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2024 ஜூலையில்தான் மாற்றம் முழுமையானது. மூன்று வருஷம்! மூன்று வருஷ அவகாசம் இருந்தும், கடைசி மாதத்தில்தான் "எனக்கு எந்தக் கார்டு தருவார்கள்" என்று அலறியவர்களை நான் அறிவேன். என் மகனும் அதில் ஒருவன். அவனுக்கு முன்னால் ஏபிஎன் ஆம்ரோ கார்டு வைத்திருந்தவர்கள் அதே அலறலை அலறியிருக்கிறார்கள். அது ஆர்பிஎஸ் ஆகி, 2013-இல் ரத்னாகர் வங்கிக்கு, இப்போதைய ஆர்பிஎல்லுக்குப் போயிற்று.

இது செத்துப்போன கார்டுகளின் கதை. சாகாமல் இளைத்துப்போகிற கார்டுகள் இன்னும் அதிகம். ஆக்ஸிஸ் ஏஸ் என்று ஒரு கார்டு 2020-இல் வந்தது. எங்கே தேய்த்தாலும் 2 சதவீதம் என்பதே அதன் பெருமை. 2024-இல் அது ஒன்றரை ஆயிற்று. எஸ்பிஐ கார்டின் கேஷ்பேக் கார்டு 2022 செப்டம்பரில் வந்தபோது, எந்த இணையக் கடையானாலும் 5, நேரில் தேய்த்தால் 1 என்றார்கள். எட்டே மாதத்தில், 2023 மே மாதம், மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்றிருந்ததை 5,000 ஆக்கினார்கள். விமான நிலைய ஓய்வறை வசதியும் போயிற்று. இதையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரி கொசுறைக் குறைக்கலாம், அவன் உரிமை. ஆனால் ஒரு கார்டு இன்றைக்குத் தரும் சதவீதத்தை, ஆயுள் முழுக்க வரும் ஓய்வூதியம் மாதிரி நினைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஒரு வருஷத்துக்கு மட்டும் போடுங்கள்.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். மகன் அனுப்பிய படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் நான் வீட்டுச் செலவு நோட்டை எடுத்தேன். கார்டைப் பார்த்துவிட்டுச் செலவைப் பார்த்தால், அந்தக் கார்டுக்கு ஏற்ற செலவுகள்தான் கண்ணில் படும். செருப்பு வாங்கப் போகிறவன் முதலில் காலை அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாதம் சராசரி 31,000 ரூபாய். மளிகை 7,500. பால் 2,100. காய், மீன், கறி 4,500. பெட்ரோல் 2,000. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு 2,400 என்றால் மாதம் 1,200. கேஸ் 900. போன், இணையம், டிவி சேர்த்து 1,400. மருந்து 2,600. இன்சூரன்ஸ் பிரீமியத்தை மாதத்துக்குப் பிரித்தால் 3,000. எங்களோடு இருக்கும் பேரனின் பள்ளிக் கட்டணம் அதே மாதிரி 3,500. இணையத்தில் வாங்குவது 2,300. அதிலும் பாதி, என் மனைவி வாங்கி, பார்த்து, திருப்பி அனுப்பும் புடவை. அதைக் கழிக்காமலே வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஐந்து சதவீதக் கார்டின் விதிமுறையைப் படித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தேன். எதற்கெல்லாம் கேஷ்பேக் இல்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு இல்லை. மின்சாரம், கேஸ், போன் பில்லுக்கு இல்லை. பெட்ரோலுக்கு இல்லை. பள்ளிக் கட்டணத்துக்கு இல்லை. நகைக்கு இல்லை. வாடகைக்கு இல்லை. கள்ளக்குறிச்சியில் நடுத்தரக் குடும்பத்தில் பெரிய பெரிய தொகையாக எது போகிறதோ, அதையெல்லாம் ஒருவர் நம் வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது. பால்காரரிடம் கார்டு செல்லாது, காய்க்காரம்மாவிடமும் மளிகைக் கடையிலும் செல்லாது. மிஞ்சியது இணையத்தில் 2,300. அதற்கு 5 சதவீதம், 115 ரூபாய். மருந்துக் கடையில் இயந்திரம் இருக்கிறது. 2,600-க்கு 1 சதவீதம், 26 ரூபாய். மொத்தம் மாதம் 141. வருஷத்துக்கு 1,692.

பரவாயில்லையே என்று தோன்றும். ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,179. கழித்தால் வருஷத்துக்கு 513 ரூபாய் மிச்சம். இரண்டு லட்சம் செலவழித்தால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். என் கார்டுச் செலவோ வருஷத்துக்கு 58,800. எட்டாது. எட்ட வேண்டுமென்று செலவழித்தால் அதற்குப் பெயர் வேறு.

மகன் அனுப்பியதில் நாலாவதாக, அவனே மதிக்காமல் அனுப்பிய ஒன்று இருந்தது. ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு. எங்கே தேய்த்தாலும் 1 சதவீதம். இந்த மாதிரிக் கார்டுகள் நம் நாட்டில் உண்டு. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு 2018-இலிருந்தே கட்டணம் இல்லாமல்தான் வருகிறது. அதே 2,300-க்கும் 2,600-க்கும் 1 சதவீதம் போட்டால் மாதம் 49. வருஷத்துக்கு 588 ரூபாய். கட்டணம் இல்லாததால் 588-ம் கைக்கு வருகிறது. ஐந்து தருகிற கார்டு 513. ஒன்று தருகிற கார்டு 588! இதை மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பா, அதுல ரயில்வே லவுஞ்ச் இல்லப்பா" என்றான். கள்ளக்குறிச்சிக்காரனுக்கு ரயில்வே லவுஞ்ச்! நமக்கு ரயில் ஏறச் சின்னசேலம் போக வேண்டும். அங்கிருந்து இங்கே வரை போடும் பாதை வேலை எத்தனை வருஷமாக நடக்கிறது என்பது இந்த அரங்கில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவனுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் மாதம் இருபதாயிரத்துக்கு இணையத்தில் வாங்குகிறான். அவனுக்கு ஐந்து சதவீதக் கார்டு மாதம் ஆயிரம் ரூபாய். கட்டணம் இரண்டாவது மாதத்திலேயே வந்துவிடும். நோட்டு மாறினால் கார்டு மாறும்.

என் நோட்டில் பெரிய தொகை மளிகை, 7,500. கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரம் கிடையாது, க்யூஆர் அட்டை உண்டு. இங்கேதான் புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அறிவித்தது, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப் நேஷனல் பேங்க், இந்தியன் பேங்க், யூனியன் பேங்க் மூன்றும் முதலில் இறங்கின. விசா, மாஸ்டர்கார்டுக்கு இந்த வசதி இல்லை. 2024 செப்டம்பர் முதல், புதுக் கார்டு வாங்கும்போது எந்த வலையமைப்பு வேண்டும் என்று நம்மைக் கேட்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே ரூபே கேளுங்கள். மளிகைக்கும் 1 சதவீதம் கிடைத்தால் மாதம் 75 ரூபாய். என் மற்ற கேஷ்பேக் எல்லாவற்றையும்விட அது பெரிது.

காகிதத்தில் பெரிது. கடையில் நடந்ததையும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு நண்பர் ஏற்கெனவே அப்படி ஒரு கார்டை இணைத்து வைத்திருக்கிறார். அவரோடு கடைக்குப் போனேன். துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், மொத்தம் 860 ரூபாய். அட்டையை ஸ்கேன் செய்தார். கிரெடிட் கார்டில் இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப முடியாது என்று திரையில் வந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அது என் சொந்தக் கணக்கு அட்டை. கடைப் பேர்ல எடுத்தா வருமாம். அதுக்கு அலையணும்" என்றார். தனியாள் கணக்கின் க்யூஆருக்குக் கிரெடிட் கார்டு போகாது, வணிகர் கணக்கின் க்யூஆருக்குத்தான் போகும். இரண்டு அட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரை இந்த வழியில் பிடித்தம் கிடையாது என்பதால், சில வங்கிகள் அந்தச் செலவுக்கு கேஷ்பேக்கைக் குறைத்தும் வைத்திருக்கின்றன. கூடையில் கறிவேப்பிலை இல்லாத இடத்தில் கொசுறு எப்படி வரும்? எனவே கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னால், நீங்கள் வழக்கமாக வாங்கும் நாலு கடையில் எந்த அட்டை தொங்குகிறது என்று கேட்டுவிடுங்கள். எனக்கு நாலில் இரண்டு தேறியது.

இங்கே கொஞ்சம் மலைக்குப் போய்வர வேண்டும். 1980-களின் கடைசியில் எனக்கு முதல் வேலை கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் முக்கி முனகி ஏறும். வெள்ளிமலையில் இறங்கி அங்கிருந்து நடை. என் வகுப்பில் படித்த பையனின் அப்பா ஒருநாள் கடுக்காய் மூட்டையோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். கீழேயிருந்து வந்த வியாபாரி தராசைத் தூக்கிப் பிடித்தார். நிறுத்தார், விலையையும் அவரே சொன்னார். கீழே சந்தை விலை அதைவிட எவ்வளவோ அதிகம் என்று எனக்குத் தெரியும். "ஏங்க, கீழ கொண்டுபோய் வித்தா கூட வருமே" என்றேன். அவர் சிரித்தார். "போன மழைக்கு இவருகிட்ட இருநூறு வாங்கிட்டேன் சார்." அவ்வளவுதான். முன்பணம் கொடுத்தவர்தான் எடையும் சொல்வார், விலையும் சொல்வார். புளிக்கும் அதே கதை. அந்த வியாபாரி கெட்டவர் இல்லை. மூட்டையைத் தூக்கிவிடுகிறவர், பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை கொண்டுவருகிறவர். பொரி உருண்டையை அந்தப் பிள்ளைகள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

கிரெடிட் கார்டும் முன்பணம்தான், கேஷ்பேக் அதன் பொரி உருண்டை. வட்டியைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே ஒருவரிடம் "ஆண்டுக்கு 45 சதவீதம்" என்றால் விழிப்பார். "மூணே முக்கால் வட்டி" என்று சொல்லுங்கள், எழுந்து போய்விடுவார். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகள் வாங்குவது அந்த மூணே முக்கால் வட்டிதான். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் கிட்டத்தட்ட நாலரை வட்டி. நகையை வைத்தால் ஒரு வட்டிக்குப் பக்கத்தில் வங்கியிலேயே கிடைக்கிறது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு போயின. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்துவிட்டது. வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியின் எல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே இதில் சட்டம் உங்களுக்குக் குடை பிடிக்காது.

20,000 ரூபாய் பில். கேஷ்பேக் 1 சதவீதம், 200 ரூபாய். அந்த மாதம் கட்ட முடியாமல் ஒரு மாதம் தள்ளினால் வட்டியும் வரியுமாக 885 ரூபாய். நாலு மாதக் கொசுறு ஒரே மாதத்தில் போயிற்று. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அது பாக்கியில் 5 சதவீதம். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். அதோடு புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத அந்த நாற்பது, ஐம்பது நாள் போய்விடும். வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் கார்டு மாற்ற வேண்டாம், கார்டை விட்டுவிடலாம். யூபிஐயில் கடன் கார்டை இணைத்த பிறகு இதில் ஆபத்து கூடியிருக்கிறது. டீக்குக் கொடுத்த பதினைந்து ரூபாயும் கடன் என்று விரலுக்குத் தெரியாது.

நின்றுபோன கார்டை என்ன செய்வது என்று சிலர் வாசலில் கேட்டீர்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் ஒரு நெறிமுறை வெளியிட்டது, அதன் விதிகள் அதே வருஷம் நடைமுறைக்கு வந்தன. கட்டணத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அது பிடிக்காமல் நாம் கார்டை ஒப்படைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. நம் சம்மதம் இல்லாமல் பெரிய கார்டாக மாற்றி, அதற்குக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்புவதோடு அந்தத் தொகையின் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். புதுக் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது, 30 நாளாகியும் நாம் தொடவில்லை என்றால், ஓடிபி மூலம் நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் ஏழு வேலை நாளில் கட்டணமில்லாமல் மூட வேண்டும். அந்த ஓடிபியை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். "பழைய கார்டு காலாவதி, புதுக் கார்டுக்கு மாற்றித் தருகிறோம்" என்று போன் செய்து கேட்கிறவன் வங்கிக்காரன் இல்லை. வெள்ளிமலையிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ஓடிபி வருவதே பெரிய விஷயம், சிக்னலுக்குப் பாறை மேல் ஏற வேண்டும்.

மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கச் சொல்லியிருக்கும் பிரீமியம், சந்தா இவற்றை எழுதி எடுத்து, புதுக் கார்டுக்கு மாற்றுங்கள். எண் மாறினால் அவை தாமாக வந்து சேரா. பிரீமியம் விட்டுப்போனால் பாலிசி போகும். உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு அதுதான், கட்டணமும் இல்லை என்றால், மூடாமல் வைத்திருப்பது, நம் கடன் ஒழுங்கை அளக்கும் சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. பழைய கணக்கின் வயதும், மொத்தக் கடன் வரம்பில் நாம் எவ்வளவு தொட்டிருக்கிறோம் என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை சிபிலின் முழு அறிக்கை இலவசம், கேட்டு வாங்குங்கள். ஒரே வாரத்தில் நாலு வங்கியில் கார்டுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். நாலு பேரும் அந்த அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள், எடுத்துப் பார்த்த தடமும் அதில் பதியும்.

வங்கி பதில் சொல்லாவிட்டால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே திட்டம், தொலைபேசி எண் 14448, கட்டணம் இல்லை.

நான் எதை எடுத்தேன் என்று கேட்பீர்கள். ஓய்வூதியம் வருகிற வங்கியிலேயே, ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரு ரூபே கார்டு. வரம்பு நாற்பதாயிரம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மேலாளர், "சார், உங்களுக்கு இரண்டு லட்சம் வரை தரலாம்" என்றார். வேண்டாம் என்றேன். மகன் கேட்டால் இன்னும் லவுஞ்ச் பற்றித்தான் பேசுவான்.

பழைய வங்கிக்கு, பாக்கி எல்லாம் கட்டிவிட்டு, மூடச் சொல்லிப் போன திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்பினேன். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் நமக்கு அபராதம் தர வேண்டும் என்று அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. நேற்றோடு நாலு வேலை நாள் ஆயிற்று. இன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை, நாளை ஞாயிறு, இரண்டும் சேராது. புதன்கிழமை ஏழாம் நாள். வியாழக்கிழமைக்கு நோட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். வரவுப் பக்கத்தில்.